கரண்ட் போனாலும் கணக்கு போகக் கூடாது: தன்னார்வக் கணிமை மென்பொருளில் கைவைக்க விரும்புவோருக்கு

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு குளிர்காலம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு மேசைக் கணினி, ஓர் அறிவியல் திட்டம் அனுப்பிய கணக்கை 11 மணி நேரமாக அரைத்துக்கொண்டிருந்தது. 94 விழுக்காடு முடிந்துவிட்டதாகத் திரை காட்டியது. அப்போது, அட்டவணையில் போட்டபடியே, மின்வெட்டு வந்தது. இரண்டு மணி நேரம் கழித்துக் கணினியைத் திரும்பப் போட்டேன். பூச்சியம். முதலிலிருந்து.

பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அது பாதியிலாவது சேமித்து வைத்திருக்க வேண்டாமா? பள்ளிக்கூடக் கட்டுரைக்கே அதைத்தானே சொல்லித் தருகிறார்கள்?" என்று கேட்டான். அந்தத் திட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம், பிறகு திருத்திவிட்டார்கள். ஆனால் பையன் கேட்ட கேள்விதான் என்னை இந்த மென்பொருளின் உள்ளே இழுத்துப் போட்டது. சனிக்கிழமைகளில் சமூகக் கூடத்தில் எங்களோடு வந்து உட்காரும் புதியவர்களுக்கு நான் சொல்வதை எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. அதுதான் இது.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் காதில் விழும்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவை ஆங்கில எழுத்துகள்தாம்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

ஒரு பெரிய கணக்கைச் சிறு துண்டுகளாக வெட்டி, உலகெங்கும் வீடுகளில் சும்மா இருக்கும் கணினிகளுக்கு அனுப்பி, விடைகளைத் திரும்பப் பெற்றுச் சேர்ப்பதுதான் தன்னார்வக் கணிமை. 1999 மே 17இல் தொடங்கிய செட்டி அட் ஹோம் இதை வீடுதோறும் அறிய வைத்தது. வேற்றுக்கிரக உயிர்களின் வானொலிச் சைகை ஏதும் வருகிறதா என்று தேடிய திட்டம் அது. 2020 மார்ச் இறுதியில் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அதன் அனுபவத்திலிருந்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆண்டர்சன் தலைமையில் உருவானதுதான் பாயிங்க். எந்த அறிவியல் திட்டமும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய பொதுச் சட்டகம் அது. மூலநிரல் கிட்ஹப்பில் திறந்து கிடக்கிறது; எல்ஜிபிஎல் உரிமத்தின்படி யாரும் படிக்கலாம், மாற்றலாம். நான் சொல்லப்போவதெல்லாம் பாயிங்கை வைத்துத்தான்.

வானியலோ உயிரியலோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. சி பிளஸ் பிளஸ் நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அறிமுகம், லினக்ஸில் நான்கு கட்டளைகள், பொறுமை ஆகியவை போதும். நிரலே எழுதத் தெரியாவிட்டாலும் செய்வதற்கு வேலை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு வாரம் பயனராக இருங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேராக நிரலுக்குள் குதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் காணாமல் போய்விடுவார்கள். உபுண்டுவிலோ டெபியனிலோ பாயிங்கின் கிளையன்ட் (கணக்கை ஓட்டும் நிரல்), மேனேஜர் (அதைக் காட்டும் சாளரம்) ஆகிய பொதிகளை நிறுவி, ஏதாவது ஒரு திட்டத்தில் சேருங்கள். என் பரிந்துரை ஐன்ஸ்டைன் அட் ஹோம். 2005 முதல் ஓடுகிறது. நம் நாட்டின் கரூ பாலைநிலத்தில் நிற்கும் மீர்காட் தொலைநோக்கியின் 64 கிண்ணங்கள் பிடித்த தரவில் துடிப்பு விண்மீன்களைத் தேடும் வேலையும் அதில் இருக்கிறது. அதற்கு வரைகலை அட்டை தேவைப்படும். கரூவில் பிடித்த வானொலிச் சைகை எங்கெங்கோ சுற்றிவிட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

மின்கட்டணத்தை மறந்துவிடாதீர்கள். 100 வாட் இழுக்கும் கணினி நாள் முழுவதும் ஓடினால் 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட். முன்பணம் கட்டி, 20 இலக்க எண்ணை மீட்டரில் தட்டும் வீடுகளில் இந்தக் கணக்கு முதல் வாரமே தெரிந்துவிடும், வீட்டில் உள்ளவர்களின் முகத்திலும் தெரியும். மேனேஜரின் விருப்பத்தேர்வுகளில் பாதி சிபியு கோர்களை மட்டும் பயன்படுத்து, இரவில் மட்டும் ஓடு என்றெல்லாம் அமைக்கலாம். மென்பொருளை மேம்படுத்தக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு கோர் ஓடினாலே போதும்.

அந்த வாரத்தில் குறிப்பாக மூன்று அமைப்புகளைத் தேடிக் கண்டுபிடியுங்கள். எத்தனை விநாடிக்கு ஒருமுறை இடைச்சேமிப்பு (அதுவரை முடிந்ததை வட்டில் எழுதி வைப்பது) செய்யலாம் என்பது ஒன்று. இயல்பாக 60 என்றிருக்கும். நிறுத்தி வைக்கும்போது வேலையை நினைவகத்திலேயே விட்டுவைக்கவா என்பது இன்னொன்று. பேட்டரியில் ஓடும்போது நிறுத்தவா என்பது மூன்றாவது. இந்த மூன்றும் ஏன் இருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தாலே மென்பொருளின் மொத்த மனநிலையும் பிடிபடும். இந்தக் கணினி நமக்குச் சொந்தமில்லை, எந்த நொடியிலும் அணைந்துவிடலாம் என்ற பயத்தில் எழுதப்பட்ட மென்பொருள் இது. மின்வெட்டு அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்து வாழ்ந்த நமக்கு இந்தப் பயத்தை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள்

கிளையன்ட் என்பது பின்னணியில் ஓடும் நிரல். சேவையகத்தோடு பேசுவது, கோப்புகளை இறக்குவது, எந்த வேலையை எப்போது ஓட்டுவது என்று முடிவு செய்வது எல்லாம் அது. மேனேஜர் என்பது நீங்கள் பார்க்கும் சாளரம் மட்டுமே. அதை மூடினாலும் கணக்கு நிற்காது. இரண்டும் 31416 என்ற முனை எண் (போர்ட்) வழியாக எக்ஸ்எம்எல்லில் பேசிக்கொள்கின்றன. பை மதிப்பை ஐந்து இலக்கங்களுக்கு முழுமையாக்கினால் வரும் 3.1416 என்பதால் இந்த எண் மறக்காது. மூன்றாவது ஆள், உண்மையான கணக்கைப் போடும் அறிவியல் செயலி. அதை அந்தந்தத் திட்டத்தினர் எழுதுகிறார்கள். அது பாயிங்கின் நூலகத்தை இணைத்துக்கொண்டு, "இப்போது சேமிக்கலாமா?", "இவ்வளவு முடித்துவிட்டேன்" என்று கிளையன்டோடு பேசும்.

இந்தப் பிரிவினை தெரியாததால்தான் பாதிப் புகார்கள் தவறான வாசலில் போய் நிற்கின்றன. என் 11 மணி நேரத்தைத் தின்றது பாயிங்க் அல்ல, திட்டத்தின் செயலி. அது தெரியாமல் நான் முதலில் பாயிங்க்காரர்களிடம்தான் சண்டைக்குப் போனேன். மிகப் பொறுமையாகப் பதில் எழுதினார்கள். இன்று அதைப் படித்தால் வெட்கமாக இருக்கிறது.

சேவையகப் பக்கம் தனி உலகம்: வேலை பகிர்வது, வந்த விடைகளைச் சரிபார்ப்பது, பழைய கோப்புகளை அழிப்பது என்று பல நிரல்கள், ஒரு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், பிஎச்பி பக்கங்கள். முன்பின் தெரியாத கணினியின் விடையை நம்ப முடியாது என்பதால் ஒரே துண்டை இரண்டு பேருக்கு அனுப்பி ஒப்பிட்டுப் பார்ப்பதும் அங்கேதான் நடக்கிறது. தொடக்கத்தில் அங்கே போகாதீர்கள்.

கட்டிப் பாருங்கள்

மூலநிரலை இறக்குங்கள்; அதை ஓடும் நிரலாகத் தொகுப்பதைத்தான் கட்டுவது என்கிறேன். கோப்புறைகளில் கிளையன்ட், கிளையன்ட் ஜியூஐ, லிப், ஏபிஐ, சாம்பிள்ஸ் ஆகிய ஐந்தை மட்டும் இப்போதைக்குக் கவனியுங்கள். லினக்ஸில் சி பிளஸ் பிளஸ் தொகுப்பி, மேக், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், கர்ல் நூலகம், ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் ஆகியவற்றை நிறுவியபின், முதலில் ஆட்டோசெட்டப் என்ற கோப்பை ஓட்டுங்கள் (பெயரின் முன்னால் ஓர் அடிக்கோடு இருக்கும்). அடுத்து கான்ஃபிகர், அதற்கு, சேவையகம் வேண்டாம், மேனேஜர் வேண்டாம் என்ற இரண்டு விருப்பங்களையும் கொடுங்கள். பிறகு மேக். மேனேஜரை விட்டுவிட்டால் வரைகலை நூலகத் தொல்லை பாதி குறையும். விண்டோஸ்காரர்கள் விஷுவல் ஸ்டூடியோ வழியாகப் போக வேண்டும். இறக்க வேண்டியது மிக அதிகம். கைப்பேசி டேட்டாவை வைத்து இணையம் பார்ப்பவர்கள் நூலகத்தின் இலவச வைஃபையில் உட்கார்ந்து இறக்கிக்கொண்டு வாருங்கள். நாங்கள் ஒருவர் இறக்கி, பென்டிரைவில் மற்றவர்களுக்குக் கொடுப்போம்.

நீங்கள் கட்டிய கிளையன்டை, ஏற்கெனவே நிறுவியிருக்கும் கிளையன்டின் தரவுக் கோப்புறையில் ஓட்டாதீர்கள். தனியாக ஒரு வெற்றுக் கோப்புறையில் ஓட்டுங்கள்.

தமிழுக்குப் பெரிய எழுத்து இல்லை

சாம்பிள்ஸ் கோப்புறையில் ஒரு சின்ன உதாரணச் செயலி இருக்கிறது. உள்ளே வரும் கோப்பை எழுத்தெழுத்தாகப் படித்து, ஆங்கிலச் சிற்றெழுத்துகளைப் பெரிய எழுத்துகளாக்கி, வெளியே எழுதும். அவ்வளவுதான். பாயிங்கைக் கற்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கிளையன்ட் இல்லாமலேயே இது தனியாக ஓடும். 'இன்' என்ற பெயரில் ஒரு கோப்பை அதே கோப்புறையில் வைத்தால் போதும், 'அவுட்' என்ற கோப்பு பிறக்கும்.

எங்கள் கூடத்தில் ஒருவர் வேண்டுமென்றே தமிழ்ப் பத்தி ஒன்றை உள்ளே கொடுத்தார். போனது போலவே வெளியே வந்தது. நமக்குத்தான் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பாகுபாடு இல்லையே. சிரித்துவிட்டு விட்டிருப்போம். ஆனால் அந்தச் செயலிக்கு 'ரன் ஸ்லோ' என்று ஒரு விருப்பம் உண்டு; ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விநாடி தூங்கிவிட்டு அடுத்ததற்குப் போகும். அதைப் போட்டு ஓட்டியபோது 'தமிழ்' என்ற ஒரு சொல்லைத் தாண்ட 15 விநாடி ஆனது. ஏன்? செயலி எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. நம் மூன்றெழுத்துச் சொல்லில் கணினிக் கணக்குப்படி ஐந்து குறியீடுகள்; யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அந்த நிமிடத்தில்தான் அங்கிருந்த பாதிப் பேருக்கு 'இடைச்சேமிப்பில் என்ன எழுதப்படுகிறது' என்ற கேள்வியே எழுந்தது.

அதற்கு விடை நிரலிலேயே இருக்கிறது, ஒரு பக்கத்துக்கும் குறைவு. செயலி ஒவ்வொரு சுற்றிலும் 'பாயிங்க் டைம் டு செக்பாயின்ட்' என்று கேட்கும். ஆம் என்று பதில் வந்தால், இதுவரை எத்தனை பைட் முடிந்தது என்ற ஒரே ஓர் எண்ணை எழுதி வைக்கும். எழுதி முடித்ததும் 'பாயிங்க் செக்பாயின்ட் கம்ப்ளீட்டட்' என்று கிளையன்டுக்குச் சொல்லும். மறுபடி தொடங்கும்போது அந்த எண்ணைப் படித்து, உள்ளீட்டுக் கோப்பில் அத்தனை பைட் தள்ளிப் போய் நிற்கும். வெளியீட்டுக் கோப்பை அதே அளவுக்கு வெட்டும். பைட் எண்ணிக்கை என்பதால் 'மி' என்ற எழுத்தின் நடுவில் அறுந்தாலும் ஒன்றும் கெடாது.

நுணுக்கம் வரிசையில்தான். முதலில் எண்ணைத் தற்காலிகக் கோப்பு ஒன்றில் எழுதுகிறது. அடுத்து, வெளியீட்டை வட்டுக்குத் தள்ளுகிறது. கடைசியாகத்தான் தற்காலிகக் கோப்பின் பெயரை உண்மைப் பெயராக மாற்றுகிறது. இதை மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? 500 பைட் முடிந்தது என்று குறிப்பு சொல்லும், வெளியீட்டில் 480தான் இருக்கும், 20 பைட் காணாமலே போய்விடும். வெளியீடு கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, வெட்டிவிடலாம். குறைவாக இருந்தால் விடை தவறு. இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். நான் பார்த்த இடைச்சேமிப்பு வழுக்களில் (நிரல் பிழைகளில்) பெரும்பாலானவை இந்த ஒரே தவறின் வேறு வேறு வேஷங்கள்.

கிளையன்டும் தன் சொந்தப் பேரேட்டை இப்படித்தான் காக்கிறது. 'கிளையன்ட் ஸ்டேட்' கோப்பை நேரடியாக மேலெழுதுவதில்லை. புதியதை 'நெக்ஸ்ட்' என்ற பெயரில் எழுதி, பழையதை 'ப்ரீவ்' என்று ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு புதியதை இடத்தில் வைக்கும்.

கரண்டைப் பிடுங்குங்கள்

உதாரணச் செயலிக்குச் சில ஆயிரம் பைட் உள்ள கோப்பைக் கொடுத்து மெதுவாக ஓட விடுங்கள். தனியாக ஓடும்போது இடைச்சேமிப்பு சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் நடக்கும்; அதுவரை காத்திருங்கள். பிறகு 'கில் மைனஸ் நைன்' கட்டளையால் அடியோடு கொல்லுங்கள். திரும்ப ஓட்டுங்கள். முடிந்ததும், குறுக்கீடு இல்லாமல் ஓடிய வெளியீட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு பைட்டும் மாறக் கூடாது. நீங்கள் சேர்ந்த திட்டத்தின் உண்மைச் செயலியையும் இப்படிக் கொன்று பாருங்கள். தரவுக் கோப்புறையில் 'சிசி கான்ஃபிக்' கோப்பை உருவாக்கி, 'செக்பாயின்ட் டீபக்' என்ற பதிவுக் கொடியை 1 ஆக்கினால், ஒவ்வோர் இடைச்சேமிப்பும் நேரத்தோடு பதிவில் விழும். ஒரு மணி நேரம் ஓடியும் ஒரு வரி கூட விழவில்லை என்றால் உங்களுக்கு ஒரு வழு கிடைத்துவிட்டது.

ஆனால் நிரலைக் கொல்வதும் கரண்டைப் பிடுங்குவதும் ஒன்றல்ல. நிரல் செத்தாலும் இயங்குதளம் உயிரோடு இருக்கிறது. வட்டுக்குப் போக வேண்டியதை அது பொறுப்பாகப் போட்டுவிடும். கரண்ட் போனால் இயங்குதளமும் சேர்ந்து போகிறது. கடன் எழுதும் கடையை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் "எழுதிக்கொண்டேன் அம்மா" என்று தலையாட்டுகிறார்; பேரேட்டில் இன்னும் மை படவில்லை. கோப்பை மூடியதாகவும் பெயர் மாற்றியதாகவும் நிரல் நினைத்துக்கொண்டிருக்கும். உள்ளே பூச்சியம் பைட் இருக்கும். சில கோப்பு முறைமைகள் இதை ஓரளவு சமாளிக்கும், சில சமாளிக்காது. கொல்லும் சோதனையில் தேறிய செயலி மின்வெட்டில் தோற்பது இதனால்தான்.

இதற்காக வீட்டு மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள். ஒரு நண்பர் அணைத்தார். வட்டு போயிற்று, பாட்டியின் தொடர் பார்க்கும் நேரமும் போயிற்று. வர்ச்சுவல்பாக்ஸில் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அதன் 'பவர் ஆஃப்' பொத்தானை அழுத்துங்கள். ஒழுங்காக மூடுவதல்ல, பிடுங்குவது. இருபது முறை செய்யுங்கள். ஒருமுறை தோற்றாலும் எழுதி வையுங்கள்.

முதல் பங்களிப்பு எதுவாக இருக்கலாம்

நல்ல வழு அறிக்கை ஒன்று, மோசமான நிரல் திருத்தம் பத்துக்குச் சமம். பதிப்பு எண், இயங்குதளம், பதிவின் தொடர்புடைய வரிகள், படிப்படியாக நீங்கள் செய்தது, இருபதில் எத்தனை முறை தோற்றது ஆகியவை இருக்க வேண்டும். 'லோட் ஷெடிங்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். நம் நாட்டு மின்சார நிறுவனமான எஸ்காம் கட்டம் கட்டமாக, கட்டத்துக்கு 1,000 மெகாவாட் வீதம், அட்டவணை போட்டு மின்சாரத்தை நிறுத்தும் வழக்கம் மற்ற நாட்டுக்காரர்களுக்குத் தெரியாது. "எதிர்பாராத மின்தடை" என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும். 2024 மார்ச் இறுதியிலிருந்து பத்து மாதம் மின்வெட்டே இல்லாமல் இருந்துவிட்டு 2025 தொடக்கத்தில் மறுபடி தலைகாட்டியதே, அதனால் இந்தச் சோதனைகள் பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நிரல் எழுதாதவர்களுக்கு மொழிபெயர்ப்பு. பாயிங்கின் இடைமுகச் சொற்கள் ட்ரான்ஸிஃபெக்ஸ் என்ற இணைய மொழிபெயர்ப்புத் தளம் வழியாக மொழிபெயர்க்கப்படுகின்றன. வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் குறைந்துபோன ஊர் இது. வார இறுதி வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள்தாம் எங்களில் பலர். அது குறையல்ல, வசதி. எங்களுக்குப் புரியாத சொல் வேறு யாருக்கும் புரியாது. ஒரு பொத்தான் வேலையைத் தற்காலிகமாக நிறுத்துகிறது, இன்னொன்று அடியோடு கைவிடுகிறது. இரண்டையும் 'நிறுத்து' என்று மொழிபெயர்த்தால் யாரோ ஒருவரின் நாள் முழுவதுமான கணக்கு குப்பைக்குப் போகும். 'நிறுத்தி வை', 'கைவிடு' என்று வேறுபடுத்துங்கள்.

அடுத்தது சிறு கருவிகள். எனக்கு மிகப் பிடித்தது இது. இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளில், மின்வெட்டு வந்தாலும் மேசைக் கணினிக்கு அது தெரியாது. தரவுக் கம்பி இல்லாத இன்வெர்ட்டர் கணினியின் கண்ணுக்கு வெறும் சுவர் மின்சாரம். பேட்டரியில் நிறுத்து என்ற அமைப்பு அங்கே பயன்படாது. கணக்கு பாட்டுக்கு ஓடி, விளக்குக்கும் வைஃபைக்கும் வைத்திருந்த பேட்டரியைக் குடித்துவிடும். 'பாயிங்க் சிஎம்டி' என்ற கட்டளைக் கருவியில் 'செட் ரன் மோட்' என்பதற்கு 'நெவர்' என்றும் 7200 என்றும் கொடுத்தால் இரண்டு மணி நேரம் எல்லா வேலையும் நிற்கும், பிறகு தானாகத் தொடரும். அட்டவணையைப் படித்து, வெட்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால் இந்தக் கட்டளையை அனுப்பும் இருபது வரி நிரல் எழுதுங்கள். நினைவகத்தில் விட்டுவைக்கும் அமைப்பு போட்டிருந்தால், கணினி அணையாத வரை எதுவும் இழக்கப்படாது.

பிறகுதான் மூல நிரலில் திருத்தம். ஓர் எழுத்துப்பிழை, ஒரு தெளிவற்ற பிழைச்செய்தி, விடுபட்ட ஒரு சோதனை என்று சின்னதாகத் தொடங்குங்கள். என் முதல் திருத்தம் இரண்டே வரி. ஆனால் என் எடிட்டர் கோப்பு முழுவதையும் தன் ரசனைக்கு மறுசீரமைத்துவிட்டது. 600 வரி மாறியதாகக் காட்டியது. படிப்பவர் எதை என்று பார்ப்பார்? பாயிங்கில் உள்தள்ளல் நான்கு இடைவெளி, தாவல் குறி கூடாது, வரிக் கடைசியில் தேவையற்ற இடைவெளி கூடாது. அனுப்புமுன் மாற்றப் பட்டியலை நீங்களே ஒருமுறை வரிவரியாகப் பாருங்கள். நீங்கள் தொடாத வரி அதில் இருந்தால் திரும்பிப் போங்கள்.

அனுப்பியபின்

தானியங்கிச் சோதனைகள் முதலில் ஓடும். லினக்ஸ், விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு என்று எல்லாவற்றிலும் கட்டிப் பார்க்கும். சிவப்பு வந்தால் பதறாதீர்கள், பதிவைத் திறந்து முதல் பிழையை மட்டும் பாருங்கள்; மற்றவை அதன் வாலில் வந்தவை. பிறகு மனிதர்கள் படிப்பார்கள். பராமரிப்பவர்களில் சிலர் கலிஃபோர்னியாவில் இருக்கிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் அவர்களுடைய கோடையில் ஒன்பது மணி நேரம் வித்தியாசம், அவர்களுடைய குளிர்காலத்தில் பத்து. நீங்கள் தூங்கும்போது கேள்வி வரும், அவர்கள் தூங்கும்போது பதில் எழுதுவீர்கள். ஒரு வாரம் மௌனமாக இருந்தால் மரியாதையாக ஒரு வரி நினைவூட்டலாம். ஒரு நாளில் நினைவூட்டக் கூடாது.

"இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் அது கோபமல்ல, கேள்வி. எங்கள் சனிக்கிழமைக் குழுவில் ஒரு தம்பி அந்த வரியைப் படித்துவிட்டுத் திருத்தத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டார். திருத்தம் சரியானதுதான். மூன்று மாதம் கழித்து வேறொருவர் அதையே அனுப்பினார், சேர்த்துக்கொண்டார்கள். இப்போது கேள்வி வந்தால் எங்களில் யாராவது ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதிலை எழுத வைக்கிறோம். போன மாதம் அவருடைய முதல் திருத்தம் உள்ளே போயிற்று: இடைச்சேமிப்புக் கோப்பு காலியாக இருந்தால் என்ன செய்வது என்ற நான்கு வரி.